நிலாவுக்கு மாற்று ஏற்பாடு

ஒரு தெருவிளக்கை எரிய வைப்பதற்கான விதிகள் நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் தடித்த புத்தகமாக இருந்தன. அணைப்பதற்கு ஒரு விதியும் இல்லை. அதற்குத் தேவையே வந்ததில்லை; விளக்குகள் தாமாகவே அணைந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட பிரிவில் ஒரு விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கும்படி ஒருவர் எழுத்துமூலம் கேட்டார். கேட்டவர் வெளியாள் என்றால் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரோ அந்தப் பிரிவிலேயே பதினெட்டு வருடமாகப் புகார்ப் பதிவேடு எழுதுகிறவர்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை லென்ஸ் என்று கூப்பிட்டார்கள். பகலெல்லாம் விளக்கு எரியவில்லை என்று வருகிற புகார்களுக்கு வரிசை எண் போடுவார். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் படம் எடுப்பார். கேமரா பழசு, அதில் மாட்டியிருந்த லென்ஸ் முழங்கை நீளம். பிறை, பாதி, முழுசு என்று நிலாவை எல்லா அளவிலும் எடுத்தாயிற்று. கிரகண நிலா மட்டும் சிக்கவில்லை. பதினோரு வருடத்தில் மூன்று முழுக் கிரகணங்கள் அவர் தலைக்கு மேலேயே வந்து போயின. முதல் தடவை மேகம். இரண்டாம் தடவை மெமரி கார்டு வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் தடவை லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து, திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்து, முழுக் கிரகணம் ஆரம்பித்துவிட்டது என்று கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தார்.

இனி எடுக்கப்போகும் கிரகணப் படத்துக்காக வீட்டுக் கூடத்தில் அவர் அடித்து வைத்த ஆணியில் மனைவி குடையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வலியில் முனகுகிறவர்களைச் சமாளித்துவிட்டு வருவதால் வீட்டில் சத்தம் போட மாட்டாள். அடுத்து வரவிருந்த நான்காவது கிரகணத்திலும் படம் விழவில்லை என்றால் கேமராவைப் பரணில் ஏற்றிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் மனுஷர் மாதிரி வீட்டில் உட்கார வேண்டும் என்று மட்டும் அமைதியாகச் சொல்லியிருந்தாள். லென்ஸும் சரியென்றுவிட்டார். இதற்கு அடுத்த முழுக் கிரகணம் இந்தப் பக்கம் தெரிய ஏழு வருடம் ஆகும். அதற்குள் தன் கண் என்ன கதியாகுமோ என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

நல்ல காலமாக, இது சாயங்காலத்துக் கிரகணம். நிலா எழும்போதே நிழல் கடிக்க ஆரம்பித்து, ஏழே காலிலிருந்து எட்டு இருபது வரை அறுபத்தைந்து நிமிடம் முழுசாக மறையும். நகராட்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கிழக்கு வானம் வழித்துவிட்டதுபோல் தெரியும். ஒரே ஒரு தொல்லை. தெருமுனையில் நிற்கும் உயரக் கம்பத்து விளக்கு, சரியாக நிலா வந்து நிற்கும் இடத்துக்குக் கீழே, நேராக லென்ஸுக்குள் அடிக்கும். ஊரிலேயே ஒழுங்காக எரிகிற விளக்கு அது ஒன்றுதான். ஆணையரின் ஜன்னலுக்கு எதிரில் இருந்தது.

அதன் சுவிட்ச் லென்ஸின் நாற்காலிக்குப் பின்னாலேயே சுவரில் இருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். வேறு யாராவது என்றால் அன்றைக்குச் சாயங்காலம் யாரும் பார்க்காதபோது தட்டிவிட்டு மேலே போயிருப்பார்கள். லென்ஸ் அப்படிப்பட்டவர் இல்லை. அலுவலகத்துப் பேனாவில் வீட்டு விலாசத்தைக்கூட எழுத மாட்டார். நாற்பது நாள் முன்னதாகவே முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி, தன் கையாலேயே அதற்கு வரிசை எண் போட்டு, பிரிவுக் கண்காணிப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அவருடைய கெட்ட நேரம் அந்த நிமிடத்திலிருந்து கணக்கு.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருட சேவையில் ஒரு கோப்பையும் அவர் நிராகரித்ததில்லை. எதற்கும் அனுமதியும் கொடுத்ததில்லை.

"கிரகணத்தை யார் நடத்துறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் நடத்தல சார். அதுவா நடக்குது."

"அதுவா நடக்குறதுக்கு இந்தப் படிவத்துல இடமே இல்லையே. நிகழ்ச்சிப் பொறுப்பாளர்னு ஒரு கட்டம் இருக்கு, பாருங்க. காலியா விட்டா மேல இருந்து திருப்பி விட்டுடுவாங்க."

லென்ஸ் யோசித்து, உண்மைக்கு மாறாக எதையும் எழுதக் கூடாது என்பதால், "பூமி" என்று எழுதினார். பூமியின் நிழல்தானே நிலா மேல் விழுகிறது. கண்காணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவின் தொலைபேசி எண் எங்கே என்று கேட்டார். எண் இல்லாத பொறுப்பாளர் செல்லாது. கடைசியில் வேறு வழியின்றி லென்ஸ் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நகராட்சியின் ஆவணங்களைப் பொறுத்தவரை மேற்படி கிரகணத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை, கிரகணத்தை ஒரு விடுமுறை நாளுக்கு மாற்ற இயலுமா, கிரகணத்தால் பொதுச்சொத்துக்குச் சேதம் ஏற்படின் யார் ஏற்பது என்று மூன்று கேள்விகள் வந்தன. மூன்றுக்கும் அவர் பணிந்து பதில் எழுதினார்.

கோப்பு மாடியேறி மின் பொறியாளரிடம் போயிற்று. பொறியாளர் நாகரிகத்துக்கு முன்னோடி. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் அவர் கையில்தான் இருக்கும். இப்போது அவர் கையில் இருந்தது ஒரு புது போன். அதில் நிலாவைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு வசதி இருந்தது. கை நடுங்கினாலும் சரி, மேகம் மறைத்தாலும் சரி, போன் நம் மேல் பரிதாபப்பட்டு, பளிச்சென்று முழு நிலா ஒன்றைத் தானாகவே வரைந்து கொடுத்துவிடும். பொறியாளர் வாங்கிய இரண்டே மாதத்தில் அலுவலகத்தில் எல்லோர் கையிலும் அதே போன், அதே நிறம். வாங்காமல் இருந்தால் பொறியாளரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். லென்ஸ் ஒருவர்தான் பழைய போனை வைத்துக்கொண்டு திரிந்தார். அவரை எல்லோரும் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பொறியாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனம் இல்லை.

"நிலா எவ்வளவு நேரம் இருட்டா இருக்கும்?"

"அறுபத்தஞ்சு நிமிஷம் சார்."

"ஒரு மணி நேரத்துக்கு மேல எந்த விளக்கு அணைஞ்சாலும் மாற்று ஏற்பாடு செய்யணும். விதி இருக்கு. உங்களுக்கே தெரியும்."

"நிலா நம்ம விளக்கு இல்லையே சார்."

"இந்த ஊர்ல பாதித் தெருவுக்கு அதுதான் விளக்கு. புகார்ப் பதிவேடு எழுதுறது நீங்கதானே?"

லென்ஸின் பதிவேட்டில் இருந்த உண்மை அது. பொறியாளர் மேலே பேசினார். நிலா இருட்டாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும், இருக்கிற ஒரு விளக்கையும் அணைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்றார். இருட்டில் கிரகணத்தை எப்படிப் பார்க்க முடியும் என்றார். ஒரு குழியைப் பார்க்கவே வெளிச்சம் வேண்டியிருக்கிறது, இரண்டு லட்சம் மைலுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்க எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஒரு கணம் லென்ஸுக்கே அது சரியான கேள்வி மாதிரி பட்டுவிட்டது.

நான்காம் நாள் உத்தரவு வந்தது. உயரக் கம்பத்து விளக்கு அணைக்கப்பட மாட்டாது. மாறாக, கிரகணத்தைப் பொதுமக்களும் பணியாளர்களும் தெளிவாகக் கண்டுகளிக்க ஏதுவாக, மொட்டை மாடியில் நிலாவை நோக்கி ஆறு பெரிய விளக்குகள் நிறுவப்படும். கிரகணப் பொறுப்பாளர் நீங்கலாகப் பணியாளர்கள் நாற்பத்து மூன்று பேரும் தவறாமல் கலந்துகொண்டு, கலந்துகொண்டமைக்குச் சான்றாக நிலாவுடன் தாங்கள் இருக்கும் படம் ஒன்றையும், நிலாவை மட்டும் எடுத்த படம் ஒன்றையும் அலுவலகக் குழுவில் பதிவேற்ற வேண்டும். கிரகணப் பொறுப்பாளர் உடனிருந்து தேவையான ஒத்துழைப்பை நல்க வேண்டும்.

லென்ஸ் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. தான் ஒரு விளக்கை அணைக்கச் சொல்லப்போக ஏழு விளக்கு ஆகிவிட்டதே என்று மனைவியிடம் புலம்பினார். பேசாமல் நம் வீட்டுப் பால்கனியிலிருந்தே எடுக்கலாமே, அங்கேயும் கிழக்குத்தானே என்றாள் அவள். கலந்துகொள்ளாவிட்டால் ஒரு நாள் விடுப்பில் கழித்துவிடுவார்கள், தவிர பொறுப்பாளரே வராமல் கிரகணம் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது.

சுவிட்சைத் தட்டிவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு வராமல் இல்லை. கிரகணத்தன்று மத்தியானம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். ஆனால் சுவிட்ச் மேல் ஒரு காகிதம் ஒட்டி, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். இது தொடர்பாகக் கோப்பு நிலுவையில் இருப்பதால் எவரும் தொடலாகாது என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து அவருடையதுதான். கண்காணிப்பாளர் சொல்லச் சொல்லப் போன வாரம் அவரே எழுதிக் கொடுத்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு வயர்மேன் ஆறு விளக்குகளையும் போட்டார். மொட்டை மாடி கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெளிச்சம். பொறியாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, நிலாவுக்கு முதுகைக் காட்டியபடி, ஒளி வழங்குவதில் இந்தப் பிரிவு விண்ணுலகத்துக்கும் சளைத்ததல்ல என்று முப்பது நிமிடம் உரையாற்றினார். அவரைப் பார்த்து நின்றவர்களுக்கு நிலா தெரிந்திருக்க வேண்டும். ஆனால் விளக்கு கண்ணைப் பறித்ததால் அவர்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரை முடிந்ததும் எல்லோரும் திரும்பி நின்றார்கள். நிலாவுடன் தாங்கள் இருக்கும் படம் எடுக்க வேண்டுமென்றால் நிலா முதுகுக்குப் பின்னால்தானே இருக்க வேண்டும்.

லென்ஸ் இதற்குள் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். அங்கே தொட்டியின் நிழல் ஓர் ஆள் அகலத்துக்கு விழுந்திருந்தது. அதிலும் பக்கவாட்டில் வெளிச்சம் கசிந்தது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. மனைவியின் கறுப்புச் சால்வை ஒன்றைப் பையில் வைத்திருந்தார். அதைத் தலையோடு கேமராவையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே புழுக்கம். மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. திரையில் ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தது, அது தேய்ந்தது, பிறகு மெல்ல மெல்ல ஒரு செம்பு நிறம் வட்டமாகக் கூடி வந்தது. லென்ஸ் ஷட்டர் நேரத்தைக் கூட்டினார், குறைத்தார், ஃபோகஸைத் தலைமுடி அளவு திருப்பினார், மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நிமிடத்துக்கு இரண்டாக, மூன்றாக, சளைக்காமல் எடுத்தார்.

அவர் சால்வையை விலக்கியபோது மணி ஒன்பதரை. மாடியில் யாரும் இல்லை. விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். நிலா பழையபடி வெள்ளை வெளேரென்று நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் இருநூற்றுப் பதினொன்று ஆடிப்போயிருந்தன. ஒன்று, ஒரே ஒன்று, கத்தி முனை மாதிரி துல்லியமாக விழுந்திருந்தது. இடது மேல் மூலையில் சிவந்த நிலா. கீழே வீடுகளின் இருண்ட கூரைகள். லென்ஸ் அழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். மனைவி ஏதோ சொல்ல வந்தாள். இரு, ஃபைல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கையைக் காட்டினார். அவள் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாளே பிரிவின் அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. நாற்பத்து மூன்று போன்களும் தத்தம் கடமையைச் செய்திருந்தன. நிலாவை மட்டும் எடுத்த நாற்பத்து மூன்று படங்களிலும் பால் மாதிரி முழு நிலா. ஒரு கீறல் கிடையாது. கண்காணிப்பாளர் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தார், பொறியாளரும் பார்த்தார், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பொறியாளர் சொல்லச் சொல்லக் கண்காணிப்பாளர் எழுதினார்: இப்பிரிவு மேற்கொண்ட தக்க மாற்று ஏற்பாட்டின் பயனாக, மேற்படி நிலாவின் ஒளி கிரகண நேரம் முழுவதும் சிறிதும் குன்றாமல் பராமரிக்கப்பட்டது. இணைப்பு: படங்கள் நாற்பத்து மூன்று.

தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. உள்ளூர்ப் பத்திரிகை, பிரிவு அனுப்பிய படங்களில் ஒன்றைப் போட்டு, கிரகணத்தை வென்ற நகராட்சி என்று செய்தி வெளியிட்டது. பக்கத்து ஊர் நகராட்சி, அடுத்த சூரிய கிரகணத்துக்கு எத்தனை விளக்குகள் தேவைப்படும் என்று கேட்டு எழுதியது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் லென்ஸ் தன் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்தினார். அவருக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. பதினோரு வருட ஆசை நிறைவேறிய சந்தோஷத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தார். நாலு பேர் பார்த்தார்கள். ஐந்தாவதாகப் பார்த்தது ஆய்வுக்கு வந்திருந்த தலைமை அலுவலக அதிகாரி. பாராட்டு வாங்கிய பிரிவின் சுவரிலேயே, பாராட்டுக்கு நேர் எதிரான ஒரு நிலா தொங்கியது.

இரண்டு நாளில் குறிப்பாணை வந்தது. நாற்பத்து மூன்று பணியாளர்களின் நாற்பத்து மூன்று படங்களில் நிலா நல்ல நிலையில் காணப்படுகையில், கிரகணப் பொறுப்பாளராகிய தங்களது படத்தில் மட்டும் அது ஒளி குன்றி, நிறம் மாறி, வருந்தத்தக்க நிலையில் காணப்படுவதன் காரணம் யாது? இது கருவியின் கோளாறா, அல்லது துறையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் உள்நோக்கமா? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

லென்ஸ் பதினாறு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். படம் வரைந்து காட்டினார். சூரியன் இங்கே, பூமி இங்கே, நிலா இங்கே. விளக்கம் கிடைத்தது என்றும், அதில் சூரியனும் பூமியும் தேவையின்றிச் சேர்க்கப்பட்டுள்ளன என்றும் பதில் வந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கோபம் என்று ஒன்று தனக்கு இருப்பதே லென்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, தன் படம் பொய்யென்று எழுதவிடுவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

விசாரணை அதிகாரி வயதானவர், நிதானமானவர். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் உண்மையிலேயே அக்கறை உள்ளவர். அதுதான் ஆபத்தாக முடிந்தது. லென்ஸ் பேசும்போது அவர் நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. கிரகணம் வரும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதியதை லென்ஸ் எடுத்துக் காட்டினார். அதிகாரி தலையாட்டினார்.

"அது அறிவிப்பு. அறிவிச்சதெல்லாம் நடந்துடுதா? எங்க தெருவுக்கு ரோடு போடப்போறதா ஆறு வருஷமா அறிவிப்பு இருக்கு."

போன்கள் தாமாக நிலாவை வரைகின்றன என்று லென்ஸ் சொன்னார். நாற்பத்து மூன்று படங்களையும் மேசையில் பரப்பி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கறை இருப்பதைக் காட்டினார். ஒரே நிலாவைத்தானே எல்லோரும் எடுத்தார்கள், அப்படியானால் ஒரே மாதிரி இருப்பதுதான் உண்மைக்கு அடையாளம் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார். படங்களை விடுங்கள், சாட்சிகளையே கேட்டுவிடலாம், கண்ணால் கண்டவர்கள் சொல்லட்டும் என்றார். லென்ஸுக்கு உயிர் வந்தது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவராவது தலையைத் தூக்கியிருக்க மாட்டார்களா?

கண்காணிப்பாளர் முதலில் வந்தார். நன்றாகப் பார்த்தேன் என்றார். எங்கே பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்டதும், போனில் என்றார். பொறியாளர் தான் உரையாற்றிக்கொண்டிருந்ததாகவும், உரையாற்றுகிறவர் மேலே பார்ப்பது கூட்டத்துக்கு மரியாதை இல்லை என்றும் தெரிவித்தார். வயர்மேன், தன் வேலை விளக்குகளைப் பார்ப்பது, நிலாவைப் பார்க்கும்படி தனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து போனார்கள். சிலர் நிலாவை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தங்கள் முகத்தைப் பார்த்திருந்தார்கள். சிலர் அடுத்தவர் படம் தங்கள் படத்தைவிட நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். தட்டச்சுப் பிரிவு அம்மா ஒருவர் மட்டும், ஒரு தடவை மேலே பார்க்கலாம் என்று நினைத்ததாகவும் அதற்குள் போன் அடித்துவிட்டதாகவும் சொன்னார். நாற்பத்து மூன்று பேரின் சாட்சியமும் முடிந்தது.

அதிகாரி லென்ஸ் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கருணை இருந்தது.

"நீங்க சொல்லுங்க. ஒரே ஒருத்தர் பாத்தேன்னு சொன்னாக்கூட எனக்குப் போதும், கிரகணம் நடந்ததுன்னு எழுதிடுவேன். அன்னிக்கு அந்தச் சிவப்பு நிலாவை, கேமரா இல்லாம, உங்க கண்ணால பாத்தீங்களா?"

லென்ஸ் வாயைத் திறந்தார். பார்த்தேன் என்று சொல்லத்தான் திறந்தார். அப்போது சால்வையின் புழுக்கம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கை அகலத் திரை நினைவுக்கு வந்தது. ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அந்தத் திரையைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. அரை அடி தள்ளிச் சால்வையை விலக்கித் தலையைத் தூக்கியிருந்தால் போதும். பதினோரு வருடமாகத் துரத்திய கிரகணம் தலைக்கு மேலேயே மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது. அவர் தூக்கவில்லை. இந்தக் குறிப்பாணையெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும்படியான ஒரு வேதனை.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் ஏற்கெனவே சொன்னோம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"இல்ல சார்," என்றார்.

தீர்ப்பு ஒரு பக்கம்தான். மேற்படி தேதியில் கிரகணத்தை நேரில் கண்டவர் எவரும் இலர். நாற்பத்து மூன்று படங்கள் ஒன்றையொன்று ஒத்துள்ளன. நாற்பத்து நான்காவது படம் எதையும் ஒத்திருக்கவில்லை. அதை எடுத்தவரே அதிலுள்ள பொருளைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டுள்ளதால் அது நிலா எனக் கொள்ள இயலாது. எனவே கிரகணம் நடைபெறவில்லை என முடிவு செய்யப்படுகிறது. நடைபெறாத கிரகணத்துக்குப் பொறுப்பாளர் பொறுப்பாக முடியாது என்பதால் அவர் மீதான நடவடிக்கையும் கைவிடப்படுகிறது. வேலை தப்பியதற்காக எல்லோரும் லென்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அவரும் கையெழுத்துப் போட்டார். அவர் அச்செடுத்த படம் ஆதாரமாகக் கோப்பில் சேர்க்கப்பட்டது. கோப்பில் கோப்பதற்கு இடது மேல் மூலையில் ஓட்டை போடுவது வழக்கம். ஓட்டை நிலாவின் நடு மத்தியில் விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் எதிரில் தரையில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னார். உலகத்தில் ஒரு ஜீவன்கூட அந்தக் கிரகணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்று முடித்தார்.

"ஏன், நான் பாத்தேனே," என்றாள் அவள்.

லென்ஸ் நிமிர்ந்தார்.

"துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். எதிர் வீட்டுக்கு மேல நிக்குது. முதல்ல ஓரத்துல சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சிவந்து, அடுப்புல தணல் கனியுமே, அந்த நிறம் வந்துடுச்சு. சுத்தி அதுவரைக்கும் தெரியாத நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சுது. எடுத்த துணிய அப்படியே கையில வச்சுக்கிட்டு நின்னுட்டேன். கால் வலிச்சப்பதான் மணியப் பாத்தேன், ஒரு மணி நேரம் ஆயிருக்கு. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். நீங்கதான் அங்கேயே இருந்து பாத்துட்டு வந்திருக்கீங்களேன்னு விட்டுட்டேன்."

அவள் சொல்லச் சொல்ல லென்ஸின் முகம் மலர்ந்தது. கண்ணால் கண்ட சாட்சி தன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இன்னும் முப்பது நாள் அவகாசம் இருந்தது. அவர் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து, அவள் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"படம் எடுத்தியா?"

"இல்ல. பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

லென்ஸ் பேனாவை மெதுவாக மூடினார். நிதானமாக, வருத்தத்தோடு, கொஞ்சம் கருணையோடுகூட அவளைப் பார்த்தார்.

"ஒரு படம்கூட இல்லாம, நீ பாத்தேன்னு எப்படிம்மா நம்புறது?"